மூன்று பிரதி இருந்தும் காணாமல் போவது எப்படி?

போலாரம் பக்கம் குடியேறியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் யார் வீட்டுக்குப் போனாலும், நான் டேட்டாபேஸ் பார்க்கிற ஆள் என்று தெரிந்ததும் ஒரே கேள்விதான். "அண்ணா, போட்டோ எல்லாம் போன்லயும் இருக்கு, லேப்டாப்லயும் இருக்கு, கூகிள்லயும் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா பேக்கப்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

2003-ல் கூகிள் தன் கோப்பு முறையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. யோசனை எளிமையானது. கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் மூன்று கணினிகளில் வை. ஒன்று படுத்துவிட்டால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள். அதே வழியில் 2006-ல் ஹடூப் வந்தது. (ஹடூப் என்பது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்த பெயர் :-)) எந்தத் துண்டு எங்கே என்ற அட்டவணை தனிக் கணினியில் இருக்கும். துண்டு கெட்டுவிட்டதா என்று பார்க்க 'செக்சம்' என்றொரு கணக்கு.

இதிலிருந்து தரவை மீட்கும்போது முக்கியமாக இரண்டு பிழைகள் வரும். ஒன்று, ஒரு பிரதி மட்டும் கெட்டிருக்கும். மற்ற பிரதி காப்பாற்றிவிடும். இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கும். அட்டவணையில் பெயர் இருக்கும், துண்டு மட்டும் எங்கேயும் இருக்காது.

இந்த இரண்டையும் நூறு வருடங்களுக்கு முன்பே பார்த்தவர் உ.வே.சாமிநாதையர். ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒன்றில் சிதைந்த வரியை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார். முதல் வகைப் பிழைக்கு அதுதான் மருந்து. யாப்பும் அவருக்கு உதவியது. தளை தட்டினால் எங்கோ தப்பு என்று தெரிந்துவிடும். நம்ம ஊர் செக்சம்!

ஆனால் 1894-ல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. இன்றுவரை கிடைக்கவுமில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் போயே போச்சு. பரிபாடலில் மொத்தம் 70 பாட்டு என்று பழைய வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது. முழுதாகக் கிடைத்தது 22. அட்டவணை பிழைத்தது, துண்டுகள் போயின. கொஞ்சம் மீண்டதும் எங்கிருந்து? தொல்காப்பிய உரைகளும் புறத்திரட்டும் எடுத்தாண்டு வைத்திருந்த பகுதிகளிலிருந்து. அதாவது, வேறொருவர் வேறொரு காரணத்துக்காகத் தனியே எடுத்து வைத்தது.

2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். துணை டேட்டாபேஸை அழிப்பதாக நினைத்து, முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார் ஒரு பொறியாளர். ஏறத்தாழ 300 ஜிபியில் மிச்சம் 4.5 ஜிபி. துணைப் பிரதியோ ஏற்கனவே காலி. தினசரி பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை! டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2-க்கானது, ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதற்குப் பின் வந்த தரவு போனது போனதுதான். அவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் ஊரறியச் சொன்னதால்தான் நாம் இன்று பாடம் படிக்கிறோம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். போன், லேப்டாப், கூகிள் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், ஒன்றில் அழித்தது மூன்றிலும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவே. கணினி சாவதிலிருந்து பிரதி காப்பாற்றும். நம் கை செய்யும் தவறிலிருந்து காப்பாற்றாது. அதற்கு இணைப்பில்லாத தனி நகல் வேண்டும். அதையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

ஊரில் அப்பாவின் பழைய கடிதங்களையும் பாட்டியின் குரலையும் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறீர்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு, அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.