கால் டன் வண்டியும் பதினேழு கொண்டை ஊசியும்

ஜீப்பைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் இன்ஜினைப் பத்தி எழுதுவாங்க. இல்லேன்னா அந்த ஏழு துளை கிரில்லைப் பத்தி. (போர்க்கால வில்லிஸ்ல ஒன்பது துளைங்க. ஏழு ஆனது போருக்கு அப்புறம் வந்த சிவிலியன் மாடல்லதான்.) இந்தப் பதிவு அதுக்கெல்லாம் கீழே, சேறும் கிரீஸும் அப்பிக் கிடக்கிற சமாச்சாரம் பத்தி. ஸ்பிரிங் பட்டையும் ஸ்டியரிங்கும்.

ஏன் திடீர்னு? இங்கே ஹூஸ்டன்ல என் சீனியர் அண்ணன் ஒருத்தர் 1970-களின் சிஜே-5 ஒண்ணை வாங்கிப் போட்டிருக்கார். சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் தெருவுல தோசை சாப்பிட்டுட்டு அப்படியே அவர் கராஜுக்குப் போறது வழக்கமாயிடுச்சு. இந்த ஹில்கிராஃப்ட் பகுதிக்குத்தான் 2010 ஜனவரியில் மாநகராட்சி 'மகாத்மா காந்தி மாவட்டம்' என்று பெயர் வைத்தது. நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை எல்லாம் வரிசையா இருக்கும். பழைய வண்டியை அப்படியே பழைய மாதிரி புதுப்பிக்கிறதா, இல்ல நல்லதா மாத்துறதா என்று அண்ணனுக்கும் அவர் நண்பருக்கும் ஓயாத சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டுக்கிட்டு இருந்தப்போதான் எனக்கு இந்த வரலாறு போடி வரைக்கும் நீண்டது.

முதல்ல பிறந்த கதை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது: நாலு சக்கரமும் இழுக்கணும், எடை 1300 பவுண்டு (590 கிலோ) தாண்டக்கூடாது, முதல் வண்டியை 49 நாளில் கொண்டு வரணும். பென்சில்வேனியா பட்லர் ஊரில் திவாலாகிக் கிடந்த பாண்டம் கம்பெனிதான் அந்தக் கெடுவுக்குத் தலையாட்டியது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற இன்ஜினியர் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23-ம் தேதி வண்டி மேரிலாந்து ஹோலபர்ட் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. எடைக் கணக்கு மட்டும் உதைத்தது. அந்த எடையில் அப்படி ஒரு வண்டியை யாராலும் செய்ய முடியாது என்று ராணுவத்துக்கே பிறகு புரிந்தது.

49 நாளில் ஒரு வண்டின்னா, புதுசா எதையும் கண்டுபிடிக்க நேரம் கிடையாது. கடையில் என்ன கிடைக்குதோ அதுதான். அச்சுகள் ஸ்பைசர் கம்பெனியுடையவை, ஸ்டூடிபேக்கர் சாம்பியன் கார் அச்சில் இருந்து மாற்றியமைத்தவை. ஸ்பிரிங், மாட்டு வண்டிக்காரருக்கும் குதிரை வண்டிக்காரருக்கும் தெரிந்த அதே வில் பட்டை. வில்லிஸ் இதை வாங்கித் தன் 'கோ டெவில்' இன்ஜினைப் போட்டு எம்பி ஆக்கியது. ஃபோர்டும் சேர்ந்து செய்ய, போர் முடிவதற்குள் சுமார் 6,40,000 வண்டி. முதல் வண்டியைச் செய்த பாண்டமுக்குக் கிடைத்தது மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவு. பாவம்.

வில் பட்டையை மட்டமா நினைக்கக்கூடாது. அது ஒரே ஆளா மூணு வேலை பார்க்குது. பாரம் தாங்குது, அச்சை இடம் மாறாம பிடிச்சுக்குது, பட்டைக்குப் பட்டை உரசி ஆட்டத்தையும் கொஞ்சம் அடக்குது. காயில் ஸ்பிரிங் போட்டா பாரம் தாங்குறது மட்டும்தான் அதோட வேலை. அச்சைப் பிடிக்கத் தனியா கம்பிகள் வேணும். (ஊர்ப் பட்டறையில் தேய்ந்த பட்டைக்கு மறுபிறவியும் உண்டு. நம்ம பக்கத்து அரிவாள்கள் பாதிக்குமேல் லாரி, ஜீப் பட்டையில் அடித்ததுதான். அந்த எஃகு அப்படி.)

மூணு வேலையையும் ஒருத்தனே பார்த்தா என்ன ஆகும்? ஒண்ணு கெட்டா மூணும் கெடும். பிரேக் அடிக்கும்போது முன் அச்சு முறுக்கிக்கும், வண்டி இழுக்கும். இதுக்காகவே எம்பியில் இடது முன் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தாங்க. ஒரு பக்கம் மட்டும்! இன்னிக்குப் பழைய எம்பியைப் புதுப்பிக்கிறவங்க சிலர் இதைப் பார்த்துட்டு, 'எவனோ தப்பா மாட்டிட்டான்' என்று கழற்றி எறிவதும் உண்டு.

ஸ்டியரிங் கதை இன்னும் சுவாரசியம். ராஸ் கம்பெனியின் கேம் அண்ட் லீவர் பெட்டி. சக்கரத்தைத் திருப்பினா ஒரு கேம் சுழலும், அதன் பள்ளத்தில் ஊசி மாதிரி இரண்டு முனை ஓடும், பிட்மேன் ஆர்ம் ஆடும். அங்கிருந்து டிராக் லிங்க், அப்புறம் நடுவில் பெல் கிராங்க், அப்புறம் இரண்டு டை ராடு, அப்புறம் கிங் பின், கடைசியாக வீல். எத்தனை மூட்டு பாருங்க. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூல் தேய்ந்தாலும், எல்லாம் சேர்ந்து ஸ்டியரிங் சக்கரத்தில் மூணு விரக்கடை 'பிளே' ஆகிடும். நேர் ரோட்டில்கூட இடதும் வலதும் அசைச்சுக்கிட்டே ஓட்டணும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி ஆடும். அமெரிக்காக்காரன் இதுக்கு மரண ஆட்டம் என்றே பேர் வைத்திருக்கிறான். நம்ம மெக்கானிக் 'வாபிளிங்' என்பார்.

இந்த வண்டி நம்ம ஊருக்கு இரண்டு வழியாக வந்தது. ஒண்ணு பர்மா போர்முனை. லேடோ ரோடு போட வந்த படைகளோடு வந்து, போர் முடிந்து ஏலத்தில் போனவை. இன்னொண்ணு மகிந்திரா. 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதும் இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பித்த 'மகிந்திரா அண்ட் முகமது'. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார், கம்பெனி 1948-ல் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆனது. 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகக் கொண்டு வந்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள்.

நடுவில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் இந்த ஜீப்பில்தான். 1948-ல் காஷ்மீர் சண்டைக்காக, லண்டனில் தூதராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன் பழைய ஜீப்புகளைப் புதுப்பித்துத் தரச் சொல்லி ஒப்பந்தம் போட்டார். 1949-ல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய 155 வண்டிகளைப் பரிசோதித்த ராணுவம், ஓட லாயக்கில்லை என்று சொல்லிவிட்டது. 1955-ல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்தது என்று அறிவித்தார், அடுத்த வருஷமே மேனன் மத்திய மந்திரி. அரசியலை விடுங்க. 'புதுப்பிச்சாச்சு' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதுதான் அங்கேயும் பிரச்சினை. பெயின்ட் அடிச்சா புதுசா, கிங் பின் மாத்தினா புதுசா?

அப்புறம் நாற்பது வருஷம் ஜீப்புன்னாலே நம்ம கிராமத்தில் சர்க்கார். போலீஸ், தாசில்தார், குடும்பக் கட்டுப்பாடு, மலேரியா. ஜீப் சத்தம் கேட்டா பாதி ஊர் காட்டுக்குள்ள ஓடின கதை எல்லா வீட்டுலயும் இருக்கும்.

தொழில்நுட்பம் அங்கேயே நின்றது. வில்லிஸ் 1953-ல் கொண்டு வந்த உயரமான மூக்கு வண்டி சிஜே-3பி, அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோனது. இந்தியாவில் அதன் வாரிசுகள் சிஜே340, எம்எம்540, கமாண்டர், மேஜர் என்று பேர் மாறி, டீசல் இன்ஜின் ஏறி, பட்டையும் உருட்டு அச்சுமாக இந்த நூற்றாண்டு வரை வந்தன. ஜப்பானில் மிட்சுபிஷி 1953-ல் தொடங்கி 1998 வரை இதே மாதிரி செய்தது. அமெரிக்காவில் நடந்தது வேறு. 1970-ல் ஜீப்பை வாங்கிய ஏஎம்சி, 1972 சிஜே-5-ல் ராஸ் பெட்டியைத் தூக்கிவிட்டு சாகினாவ் பெட்டியைப் போட்டது. உள்ளே குண்டுகள் உருளும் வகை. தேய்மானம் குறைவு, பவர் ஸ்டியரிங் சேர்ப்பதும் சுலபம், பெல் கிராங்க் என்ற மூட்டே போய்விட்டது. 1987 ராங்ளரில் அச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு கம்பி, 1997-ல் பட்டையே போய் நாலு பக்கமும் காயில்.

ஆக அண்ணனுடைய சிஜே-5-ல் ஸ்டியரிங் பாதிப் பிரச்சினை தொழிற்சாலையிலேயே தீர்ந்தது. மீதிப் பிரச்சினையை முந்தைய உரிமையாளர் உண்டாக்கியிருந்தார். உயரமா தெரியணும்னு நீளமான சாக்கிள் மாட்டியிருக்கார். இந்த வண்டிகளில் முன் பட்டையின் சாக்கிள் முன்னாடி இருக்கு. அதை நீட்டினா அச்சு முன்பக்கமாகக் கவிழும், கிங் பின்னின் பின்சாய்வு, அதாவது கேஸ்டர், குறையும். எம்பிக்குச் சொல்லப்பட்ட கேஸ்டர் சுமார் 3 டிகிரி. அது இருந்தாத்தான் திருப்பின சக்கரம் தானா நேருக்கு வரும். போனா வண்டி குடிகாரன் மாதிரி ரோடு முழுக்க அலையும். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்வா இருக்கு பாருங்க, அதே கணக்கு. உயரம் ஏறினா டிராக் லிங்க்கும் செங்குத்தா ஆகிடும். பள்ளத்தில் இறங்கும்போது பட்டை ஒரு வட்டத்தில் ஏறும், டிராக் லிங்க் வேற வட்டத்தில் போகும், கை வைக்காமலே ஸ்டியரிங் திரும்பும்.

இதுக்குத் தீர்வு பெரிய செலவில்லை. நீளச் சாக்கிளைக் கழற்றிப் பழைய அளவு மாட்டணும். சோம்பிப்போன பட்டையைப் பட்டறையில் வளைவு ஏத்தணும், அல்லது புது செட். புஷ் எல்லாம் புதுசு. இன்னும் கேஸ்டர் குறைந்தா பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஷிம். கிங் பின் உள்ள வண்டின்னா அதன் பேரிங்கை இறுக்கம் பார்த்துப் பூட்டணும். கடைசியாத்தான் ஸ்டியரிங் டேம்பர். நிறைய பேர் முதல் வேலையா டேம்பரை மாட்டிட்டு ஆட்டம் நின்னுடுச்சுன்னு சந்தோஷப்படுறாங்க. அது காய்ச்சலுக்குப் போர்வை போத்துற வேலை. என் ஓட்டு: உருவத்தில் பழசைக் காப்பாத்து, ஸ்டியரிங்கில் தயவு தாட்சண்யம் பார்க்காதே. வில்லிஸோட ராஸ் பெட்டியைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் கும்பிடலாம்.

இப்ப போடிக்கு வருவோம். என் சித்தி பத்து வருஷத்துக்கும் மேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தவங்க. தேனி மாவட்டத்தில் இருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி தோட்டங்களுக்குத் தினமும் விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் கிளம்பும். உள்ளே பெரும்பாலும் பொம்பளைங்க. போடிமெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. மூல ஜீப்பின் ராணுவப் பெயரே 'கால் டன்' வண்டி. சுமார் 227 கிலோ. பதினைஞ்சு பேர் ஏறினா, ஆளுக்கு 50 கிலோ வெச்சாலும் 750. கமாண்டர் நீளமான வண்டி, அந்தக் கால் டன் கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனா பதினைஞ்சு பேருக்கும் செஞ்சது இல்ல.

அதனால அங்கேயும் 'அப்கிரேடு' நடக்கும். பட்டை சேர்ப்பாங்க. டெக்சாஸ் ஆள் உயரத்துக்காகச் செய்தது, போடியில் கூலிக்காக. விளைவு ஒண்ணுதான். பின்னாடி பட்டை விறைத்து, பாரம் இல்லாதப்போ பின்பக்கம் தூக்கும், கேஸ்டர் மாறும். பாரம் ஏத்தினா பின்பக்கம் அமுங்கி முன் சக்கரத்தின் பிடி குறையும். இறக்கத்தில் பிரேக் அடிச்சா அத்தனை எடையும் முன் அச்சுக்கு ஓடி வரும், தேய்ந்த டை ராடு முனை அந்த நேரத்தில்தான் கழலும். இந்தப் பாதையில் ஜீப் கவிழ்ந்த செய்தி வரும்போதெல்லாம் 'கட்டுப்பாட்டை இழந்து' என்று ஒரு வரி போட்டு முடிச்சுடுறாங்க. எந்த மூட்டு கழன்றது என்று யாரும் எழுதுவதில்லை.

இதே மகிந்திரா 1994-ல் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் டோம்பாலில் டிராக்டர் விற்க வந்தது. 2018-ல் மிச்சிகனில் 'ராக்ஸர்' என்று பட்டையும் உருட்டு அச்சும் உள்ள பழைய ஜீப்பையே செய்து விற்க, ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் உருவத்தைக் காப்பியடிச்சதா வழக்கு போட்டது. 2020-ல் பழைய உருவத்துக்குத் தடை வந்து, மாற்றிய உருவம் தப்பித்தது. அந்த ராக்ஸர் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி. வேகமும் ஆரம்பத்தில் மணிக்கு 45 மைலுக்குள். இந்தியாவில் 2010 தாரின் ஒரு வகை முன்பக்கம் உருட்டு அச்சைக் கைவிட்டது. 2020 தாரில் பின்பக்கமும் காயில் வந்தது. தாரை வாங்குறவங்க யாரும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துறவங்க இல்ல.

சித்தி போன வண்டியின் ஓட்டுநர், தோட்டம் லீவான ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்வாராம். வண்டி நிற்க, ஒரு பையன் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டுவான். இவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்ப்பார், எந்த இடத்தில் அசைவு காணாமல் போகுது என்று. அப்புறம் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினா கிங் பின் தெரியும். சாக்கிளில் கிரீஸ் அடிப்பது, யூ போல்ட் இறுக்குவது, உடைந்த பட்டை இருக்கா என்று விரலால் தடவுவது. மொத்தம் ஒரு மணி நேரம். திங்கட்கிழமை விடியறதுக்குள்ள வண்டி தெருமுனையில் நிக்கணும்.