நாட்டு ஓட்டுக்கூரையைப் புதுப்பித்தல்: வில்லியனூர், பாகூர் கொம்யூன் வீடுகளை முன்வைத்து

பழைய வீட்டின் கூரையை மூலப்பொருளாலேயே மீண்டும் வேய வேண்டும் என்பது மரபுப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட நெறி. வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக்கல் கூரைகளில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. அங்கே கல் தேய்வதற்கு முன்பே ஆணி துருப்பிடித்துவிடும்; கழற்றிய கல்லைத் தரம் பிரித்து அதே கூரையில் திரும்பப் பொருத்தலாம். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துப் பகுதிகளின் நாட்டு ஓட்டு வீடுகளுக்கு இந்த அளவுகோல் போதாது. இங்கே ஓட்டோடு சேர்த்து, அதை வனையும் தொழிலையும் வேயும் முறையையும் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் உருவாவது. ஒரு முனை குறுகிய குழாயாக வனைந்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சூளையில் சுடுவார்கள். பனைவாரைகளின் மேல் வரிச்சல் கட்டி, ஓடுகளை மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்குவார்கள், ஆணி கிடையாது. அதனால் ஓடு நகரும். மழைக்காலத்துக்கு முன் உடைந்ததைக் கழித்து மாற்றி அடுக்குவது இக்கூரையின் இயல்பான பராமரிப்பு. ஒரே கூரையில் பல தலைமுறை ஓடுகள் கலந்திருப்பதும் இதனால்தான். உண்மைத்தன்மையைப் பொருளில் மட்டுமன்றி மரபிலும் செய்நுட்பத்திலும் காணலாம் என்ற 1994ஆம் ஆண்டு நாரா ஆவணத்தின் பார்வை இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. ஆகவே இன்று சூளையிலிருந்து இறக்கிய நாட்டு ஓடும் மூலப்பொருளே.

சீமை ஓடு அப்படியன்று. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய அது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், அச்சில் அழுத்திய ஓடு. அதற்கு அறுத்துச் சமன்செய்த சட்டம் வேண்டும். வளைவு நெளிவான பனைவாரையின் மேல் அது சரியாக உட்காராது. ஓட்டை மாற்றினால் மரவேலையும் மாறிவிடும். கான்கிரீட் தளம் இன்னும் பெரிய மாற்றம். 10 செ.மீ. தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ கனக்கும். இரட்டை அடுக்கு நாட்டு ஓடு வரிச்சலோடு சேர்ந்தும் 120 கிலோ அளவே. மண்சாந்துச் சுவரை இந்தக் கூடுதல் பாரம் சோதிக்கும்.

புயலில் ஓடு பறக்கும் என்ற எதிர்வாதம் வலுவானது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சலும் இக்கரையைத் தாக்கின. இதற்கான விடை வேலை நுட்பத்தில் இருக்கிறது: முகட்டையும் இறவாணத்தையும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, இடையிடையே சில வரிசைகளையும் அவ்வாறே கட்ட வேண்டும். பழைய ஓடுகளைத் தட்டி ஒலி பார்த்துத் தேர்ந்து, அவற்றை ஒரே சரிவில் சேர்க்க வேண்டும். அளவு மாறிய புது ஓடுகளை மறு சரிவில் வேய்ந்தால் இடைவெளி குறையும்.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரி நகரத்தின் வீதிகளுக்குக் கிடைத்த பாதுகாப்புக் கவனம் கொம்யூன்களின் வீடுகளுக்கும் வர வேண்டும். ஏரி தூர்வாரும்போது கிடைக்கும் களிமண்ணில் ஒரு பங்கைக் குயவர்களுக்கு ஒதுக்கி, பழைய வீட்டைப் புதுப்பிப்போர் அவர்களிடமே ஓடு வாங்க மானியம் அளித்தால், சூளைக்கு வேலை கிடைக்கும். வீட்டுக்குக் கூரை கிடைக்கும். சூளை அணைந்த ஊரில் எந்தச் சட்டமும் ஓட்டு வீட்டைக் காப்பாற்றாது.