மருத்துவமனை இறப்பு அலைகள்: இங்கிலாந்து, 2020–2022

கோவிட்-19 பெருந்தொற்றில் இங்கிலாந்தின் மருத்துவமனை இறப்புகள் 2020 ஏப்ரலிலும் 2021 ஜனவரியிலும் உச்சம் தொட்டன. எண்ணிக்கையை மட்டும் பாராமல், இறப்பு விகிதத்தை, அதாவது அனுமதிக்கப்பட்டோரில் இறந்தோரின் பங்கைப் பார்த்தால்தான் இவ்வலைகளின் இயல்பு புலப்படும். தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்த நிலை 2020 கோடைக்குள் வெகுவாகத் தணிந்தது. படுக்கை நெருக்கடி தளர்ந்ததோடு, மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதை ரெக்கவரி என்னும் மருந்து ஆய்வு 2020 ஜூனில் காட்டியதும் இதற்குத் துணைநின்றது.

ஆயினும், மருந்து கைவசம் இருந்தும், ஆல்பா திரிபு பரவிய அடுத்த குளிர்காலத்தில் விகிதம் மீண்டும் ஏறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்னும் வழக்கம் தளர்த்தப்பட்டு, குப்புறப் படுக்கவைத்த நோயாளியைக் குழாய் நழுவாமல் திருப்புவதற்கே பலர் தேவைப்பட்ட இடத்தில், ஒருவரே இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ கவனிக்க நேர்ந்ததை இங்கு முதன்மையாகக் கருதவேண்டும். உயிர்காக்கும் சிகிச்சை ஆள்பலத்தையும் சார்ந்தது.

2020 டிசம்பர் 8இல் தடுப்பூசி தொடங்கியபின், ஒமிக்ரான் திரிபின் அலையில் தொற்றுகள் முந்தைய அளவுகளை விஞ்சியபோதும் இறப்புகள் 2021 ஜனவரி உச்சத்தை எட்டவில்லை. தொற்று உறுதியான 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகள் அனைத்தையும் சேர்த்த அன்றாடக் கணக்கில், வேறு நோயால் இறந்தோரும் இக்கட்டத்தில் கூடுதலாக இடம்பெற்றனர்.