பழைய கார்களில் சார்ஜிங் கோளாறு
பேட்டரி அடிக்கடி இறங்குவதும், ஹெட்லைட் மங்குவதும், டேஷ்போர்டில் சார்ஜிங்கைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாதிருப்பதும் இதன் அறிகுறிகள். முழுதாகச் சார்ஜ் ஆன நல்ல 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றதும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றுவது வீண்செலவு. முதலில் தளர்ந்த பெல்ட், பேட்டரி முனையில் பூத்த பச்சைப் படிவு, எஞ்சினை பாடியுடன் இணைக்கும் எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் நல்ல ஆல்டர்னேட்டரும் பழுதானதுபோலத் தோன்றும். பல மாடல்களில் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் மின்சாரம் அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகவே போகிறது. சாவி போட்டதும் அது எரியாவிட்டால் சார்ஜிங் தொடங்காமலே போகலாம். ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அது டையோடுகளைப் பொசுக்கிவிடக்கூடும்.