மூர் மார்க்கெட்

மூர் மார்க்கெட் என்பது சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து இருந்த பழம்பொருள் சந்தை ஆகும். 1898-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900-இல் திறக்கப்பட்ட இச்செந்நிறக் கட்டடம், மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் இது அன்றாடப் பொருள்களுக்கான அங்காடியாகவே இருந்தது. பிற்காலத்தில் பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், கலைப்பொருள்கள் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. இங்குப் பேரம் பேசி வாங்குவது வழக்கமாக இருந்தது. வேறெங்கும் கிடைக்காத நூல்களைத் தேடி மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்தனர். 1985 மே 30 அன்று ஏற்பட்ட தீ விபத்தில் சந்தை அழிந்தது. கடைகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாறின. பழைய இடத்தில் புறநகர் ரயில் நிலைய வளாகம் எழுந்தது. கடைகளுக்கு மாற்றிடம் கிடைத்தது. மறுபதிப்புக் காணாத நூல்கள் எரிந்திருந்தால் அவற்றுக்கு மாற்று இல்லை.