பெரிய வீட்டை விற்று சின்ன வீட்டுக்கு மாறுறீங்களா? இந்த பேப்பரை எடைக்கு போட்றாதீங்க!

பிள்ளைங்க சென்னை, பெங்களூருன்னு போயிட்டாங்க. ஒடுகத்தூர் வீட்டை விற்று வேலூரில் சின்ன வீட்டுக்கு மாறும் யோசனையா? பரண் மேல் இருக்கும் பித்தளை அண்டா எடைக்குப் போகலாம். டிரங்க் பெட்டி காகிதம் போகக்கூடாது. மூலப்பத்திரம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். ஆனால் வாங்குபவரும், அவருக்குக் கடன் தரும் வங்கியும் அசலைத்தான் கேட்பாங்க. தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' சான்றிதழ்னு அலையணும். இதைச் சொல்லியே விலையையும் குறைப்பாங்க. அறுபது வயசுக்கு மேல இந்த அலைச்சல் தேவையா?

வீடு கட்டிய பழைய பில்களையும் வச்சிக்கோங்க. விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது உதவும். விற்ற 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அதில் போட்ட லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு.