அறிதலும் முடித்தலும்: ‘கேன்’ என்னும் சொல்லின் சரித்திரம்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்பாகத்தில், முற்காலத்தில் ஆறுகளும் கடலும் சூழ்ந்த தீவாக இருந்து, பின்னர்க் கரும்புத் தோட்டங்களாலும் அதற்குப் பின்னர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களாலும் பெயர் பெற்ற பத்து காவானில், ஒரு காரியத்தைச் செய்யும் சக்தி ஒருவருக்கு இருக்கிறதா என்பதை இன்று நான்கு பாஷைகளில் கேட்டறியலாம். தமிழர் ‘முடியுமா?’ என்கிறார்; மலாய்க்காரர் ‘போலே?’ என்கிறார், பினாங்கு ஹொக்கியன் பேசும் சீனர் ‘ஏ சாய்’ என்கிறார், இம்மூவரும் தமக்குள் ஆங்கிலத்தில் பேசும்பொழுது ‘கேன்?’ என்று ஒரே சொல்லால் கேட்டு, ‘கேன்’ என்று ஒரே சொல்லால் விடையும் சொல்லிவிடுகிறார்கள். எழுவாயும் வேறு வினையும் இன்றி இச்சொல் தனித்து நிற்பதை ஆங்கில வியாகரணம் ஒப்புக்கொள்வதில்லை. எனினும் ‘முடியும்’, ‘போலே’ என்று தத்தம் தாய்மொழியில் ஒற்றைச் சொல்லால் விடை சொல்லிப் பழகிய மக்களின் வாயில் அது அவ்வாறு நிற்பது மிகவும் இயல்பானதேயாகும். நான்கு சொற்களும் ஒரே பொருளுடையன என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் பிறப்பையும் ஆராய்ந்து பார்த்தால், மனிதனுடைய சாமர்த்தியம் என்பது எதிலிருந்து உண்டாகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு பாஷையும் ஒவ்வொரு விடையைத் தன் சொல்லுக்குள் பொதிந்து வைத்திருப்பது புலனாகும்.

முதலில் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘கேன்’ என்பதன் பழைய வடிவம், நார்மானியர் படையெடுப்பிற்கு முற்பட்ட ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்று வழங்கிய வினையாகும். அதன் அர்த்தம் செய்ய முடிதல் அன்று, அறிதல். ஒரு பாஷையை, ஒரு பாட்டை, ஒரு வித்தையை ஒருவன் அறிந்திருக்கிறான் என்று சொல்வதற்கே அவ்வினை பிரயோகமாயிற்று. உடலின் வலிமையையும் செய்யும் திறனையும் குறிப்பதற்கு அக்காலத்தில் வேறொரு வினை இருந்தது. இன்று அனுமதியையும் ஐயத்தையும் குறிக்கின்ற ‘மே’ என்பதன் முன்னோர் அது. பலத்தைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் அந்தப் பழைய அர்த்தத்தை இன்றும் காத்து வருகிறது. பிற்பட்ட நூற்றாண்டுகளில் ஒரு பொருளை அறிதல் என்பது ஒரு செயலைச் செய்ய அறிதலாக விரிந்து, செய்ய அறிந்தவன் செய்ய வல்லவன் என்று மேலும் விரிந்து, இறுதியில் அறிவின் சம்பந்தமே இல்லாத வலிமைக்கும் ‘கேன்’ என்ற சொல்லே உரியதாயிற்று. இடம் இழந்த ‘மே’ அனுமதிக்கும் சாத்தியத்திற்கும் ஒதுங்கிக்கொண்டது. ஆங்கிலத்தின் உடன்பிறப்பாகிய ஜெர்மன் பாஷையில், ‘எனக்கு ஜெர்மன் தெரியும்’ என்று சொல்ல விரும்புகிறவர், அறிதல் என்ற வினை எதையும் சேர்க்காமல், ‘கேன்’ என்பதன் இனச்சொல்லை மட்டும் பாஷையின் பெயரோடு வைத்து இன்றும் சொல்லலாம். ஆங்கிலம் கடந்து வந்துவிட்ட பழைய படி அங்கே நம் கண்முன்னே இருக்கிறது.

இச்சொல்லின் பந்துக்கள் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 1786-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் சர் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்திய பேருரையில், ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்ற தம் அபிப்பிராயத்தை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். ஆங்கிலம் இந்தக் கரையில் இறங்கிய ஆண்டும், அதன் தூரத்து உறவுகள் உலகிற்குத் தெரியத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாகவே அமைந்தன. பின்னர் யாக்கோப் கிரிம் முதலிய ஜெர்மானிய அறிஞர்கள் ஒலிகள் திரியும் முறையை வகுத்துக் காட்டிய பிறகு, ‘கேன்’ என்பதும், அறிதலைக் குறிக்கும் ‘நோ’ என்ற ஆங்கில வினையும், ஸம்ஸ்கிருதத்தின் ‘ஜ்ஞா’ என்ற தாதுவும் ஒரே வேரின் கிளைகள் என்பது ஸ்தாபிதமாயிற்று. நாம் நித்தியம் சொல்லுகின்ற ஞானம், விஞ்ஞானம், பிரக்ஞை, ஞாபகம் ஆகியவை அந்தத் தாதுவிலிருந்து பிறந்தவையே. ஆகவே ‘கேன்’ என்று சொல்லும் குழந்தை, தான் அறியாமலே, ஞானத்தின் உறவுச் சொல் ஒன்றை உச்சரிக்கிறது. இன்று தந்திரத்தைக் குறிக்கும் ‘கன்னிங்’ என்பது ஒரு காலத்தில் கல்வியையும் தேர்ச்சியையும் குறித்ததும், ‘நாகரிகமற்ற’ என்ற பொருளில் வழங்கும் ‘அன்கூத்’ என்பது முதலில் ‘அறியப்படாத’ என்று மட்டுமே பொருள்பட்டதும் இந்த வமிசத்தின் கிளைக்கதைகளாம்.

மாணவர்களைத் துன்புறுத்துகின்ற இலக்கண விசேஷங்களுக்கும் இந்தச் சரித்திரமே காரணம் கூறுகிறது. படர்க்கை ஒருமையில் நிகழ்கால ஆங்கில வினைகள் பெரும்பாலும் ‘ஸ்’ என்ற விகுதியை ஏற்க, ‘கேன்’ ஏன் ஏற்பதில்லை என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அது உருவத்தால் மிகப் பழைய இறந்தகால வினை. இறந்தகால வினைகளுக்கு அந்த விகுதி இல்லை. ‘அறிந்துகொண்டேன்’ என்ற பழைய வடிவம் ‘ஆகவே இப்பொழுது அறிந்திருக்கிறேன்’ என்ற நிலையைக் குறிக்கத் தொடங்கி, நிகழ்காலமாகவே நிலைத்துவிட்டது. இது தமிழருக்கு விளங்காத செய்தி அன்று. ஆசிரியர் பாடத்தைச் சொல்லி முடித்ததும் ‘புரிகிறதா?’ என்று கேட்க, ‘புரிந்தது’ என்று இறந்தகாலத்தில் விடை சொல்லி, இப்பொழுது விளங்கி நிற்கும் நிலையை நாமும் குறிக்கிறோம் அல்லவா? தன் இறந்தகால உருவத்தை நிகழ்காலத்திற்குக் கொடுத்துவிட்ட ‘கேன்’ தனக்குப் புதிதாக ஓர் இறந்தகாலத்தை உண்டாக்கிக்கொள்ள நேர்ந்தது, அதுவே ‘குட்’. அதன் எழுத்தில் உச்சரிக்கப்படாமல் நிற்கும் ‘ல்’ அதற்கு மரபாக வந்ததன்று. ‘வுட்’, ‘ஷுட்’ என்ற தோழமைச் சொற்களின் எழுத்தைப் பார்த்துப் பிற்காலத்தார் சேர்த்தது. எதிர்காலத்திற்கோ வினையெச்சத்திற்கோ ‘கேன்’ உருவம் பெறாமையால், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஏபிள்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. நிகழ்காலச் சக்தி ஒன்றையே ‘கேன்’ நேராகவும் முழுமையாகவும் சொல்ல வல்லது.

இனித் தமிழுக்கு வருவோம். இந்தப் பொருளில் தமிழ் சேர்த்து வைத்திருக்கும் செல்வம் பெரிது. இன்று பெருவழக்கிலுள்ள ‘முடியும்’ என்பது, நிறைவுறுதல், முற்றுப்பெறுதல் என்ற பொருளுடைய ‘முடி’ என்னும் வினையினின்றும் வந்தது. ‘என்னால் முடியும்’ என்னும்பொழுது செயலே எழுவாயாகி நிற்கிறது. நான் அதற்குக் கருவியாக மூன்றாம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். என் மூலமாக அந்தக் காரியம் நிறைவு பெறும் என்பதே அதன் உட்பொருள். ‘இயலும்’ என்பது நடத்தல், பொருந்துதல் என்ற கருத்துக்களினின்றும் வந்து, இயல்பு, இயற்கை என்பவற்றோடு உறவு கொண்டாடுகிறது. அதுவே இலங்கைத் தமிழர் நாவில் ‘ஏலும்’, ‘ஏலாது’ என்று வழங்கி, மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய வந்த யாழ்ப்பாணத்தாரோடு இந்நாட்டிற்கும் வந்தது. ‘கூடும்’ என்பது சேர்தலினின்றும் பிறந்தது. உடன்பாட்டில் அது சாத்தியத்தையும் எதிர்மறையில் ‘கூடாது’ என்று விலக்கையும் குறிப்பது கவனிக்கத்தக்கது. ‘மாட்டேன்’ என்பது இன்று மனமின்மையைக் காட்டுகிறது. பழைய நூல்களிலோ மாட்டாதவன் என்றால் ஆற்றலில்லாதவன். திருக்குறளில் ஆளப்பட்ட ‘ஒல்லும்’ என்ற சொல் பேச்சில் மறைந்துவிட்டது. ‘ஆற்று’ என்பது ‘ஆற்றல்’ என்ற பெயராக நின்று விளங்குகிறது. ‘வல்’ என்பது வல்லவனிடத்தும் வல்லமையிடத்தும் வாழ்கிறது.

திராவிட பாஷைகளை ஒப்புநோக்கினால் இன்னும் சில உண்மைகள் தெரிகின்றன. தமிழின் ‘முடியும்’ போலவே மலையாளத்தின் ‘கழியும்’ என்பதும் கழிதல், தீர்தல் என்ற பொருளினின்றும் செய்ய இயலுதல் என்ற பொருளுக்கு வந்தது. அண்டை வீட்டார் இருவரும் வெவ்வேறு வினைகளை எடுத்துக்கொண்டு ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள். கன்னடத்திலோ, நம் ‘வல்’ என்பதற்கு இனமான ‘பல்ல’ என்ற சொல் அறிதலையும் குறிக்கும், செய்ய வல்லனாதலையும் குறிக்கும்; ஆங்கிலத்தின் ‘கேன்’ கடந்து வந்த இரு நிலைகளும் அங்கே ஒரு சொல்லிலேயே சேர்ந்திருக்கின்றன. எந்தச் சம்பந்தமும் இல்லாத இரு பாஷைக் குடும்பங்களில் அறிவும் ஆற்றலும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவி நிற்பதால், இது தற்செயலன்று, மனித அனுபவத்தின் ஆழத்தில் உள்ள ஓர் உண்மை என்று கொள்ளலாம்.

தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருப்பது அதன் சிறப்பு. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதும் ‘என்னால் நீந்த முடியும்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது கற்ற வித்தையைச் சொல்லுகிறது. பின்னது இந்த வேளையில் இந்த உடம்பு இடங்கொடுக்கும் என்பதைச் சொல்லுகிறது. காய்ச்சலில் படுத்திருக்கும் செம்படவனுக்கு நீந்தத் தெரியும். ஆனால் அவனால் நீந்த முடியாது. ‘உடம்புக்கு முடியவில்லை’ என்ற வழக்கிலும் இந்தப் பகுப்பே அடங்கியிருக்கிறது. ஆங்கிலம் இரண்டு நிலைகளையும் ‘கேன்’ ஒன்றிலேயே அடக்கிவிட்டது. எதைச் சொல்லுகிறார் என்பதைச் சந்தர்ப்பமே உணர்த்த வேண்டும்.

பத்து காவானின் மற்ற இரு பாஷைகள் வேறு இரு வழிகளைக் காட்டுகின்றன. மலாயின் ‘போலே’, பெறுதலைக் குறிக்கும் ‘ஓலே’ என்ற பழஞ்சொல்லோடு தொடர்புடையது என்று அறிஞர் கருதுவர். அடைதல் என்று பொருள்படும் ‘பெரோலே’ இன்றும் அப்பாஷையில் உண்டு. தாய்லாந்து, வியட்நாம் பாஷைகளிலும் பெறுதலைக் குறிக்கும் சொல்லே இயலுதலையும் குறிப்பதால், கிடைத்ததே இயன்றது என்ற இந்த எண்ணம் தென்கிழக்காசியாவிற்குப் பொதுவானது எனலாம். 1990-களில் ‘மலேசியா போலே’ என்ற கோஷம் நாடெங்கும் ஒலித்தபொழுது, அச்சொல் ஒரு தேசத்தின் தன்னம்பிக்கைக்கே பெயராயிற்று. கற்ற திறமையைச் சொல்ல மலாய்க்காரர் ‘பண்டாய்’ என்ற வேறு சொல்லை ஆள்வதும் உண்டு. ஹொக்கியனில் ‘ஏ சாய்’ என்பது செய்யலாம் என்பதையும், விளங்கிக்கொள்ளுதல் என்ற சொல்லைச் சேர்த்து அமைந்த ‘ஏ ஹியாவ்’ என்பது செய்யத் தெரியும் என்பதையும் குறிக்கும். இவ்விடத்தில் தமிழும் ஹொக்கியனும் ஒரே கட்சியில் நிற்கின்றன.

இச்சொற்கள் குறிக்கின்ற பொருளுக்கும் இந்த ஊரில் ஒரு சரித்திரம் உண்டு. 1800-இல் கெடாவிடமிருந்து கம்பெனியார் பெற்று வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்ட இந்தக் கரையில், தியோச்சூ சீனர்களும் பின்னர் ஐரோப்பியத் துரைமாரும் கரும்பு பயிரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் கட்டுண்டு கப்பலேறிய ஏழை மக்கள் அந்தக் கரும்புக் காடுகளில் உழைத்தனர். அந்த ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது; கரும்பு போய் ரப்பர் வந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் வரிசையாக நின்ற தொழிலாளியிடம் கிராணி என்ற எழுத்தரும் தண்டல் என்ற மேற்பார்வையாளரும் கணக்கெடுத்தது அவன் உடம்பின் வலுவை மட்டுமே. அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர் அரியர். ஆனால் உள்ளே உள்ள உயிர்ப்பகுதி காயப்படாதபடி ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுப்பது கைவந்த வித்தை; அது வலிமையன்று, அறிவு. கூலிக் கணக்கில் ‘முடியும்’ என்று எழுதப்பட்ட இடங்களிலெல்லாம் ‘தெரியும்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அவ்வாறு எழுதாதது ஒரு சமூகத்திற்கு இழைக்கப்பட்ட அநீதி.

இன்று அந்த நிலத்தில் மின்னணுப் பொருள்களும் மருத்துவக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம், பத்து காவானைப் பினாங்குத் தீவின் பத்து மாவுங்கோடு இணைத்துவிட்டது. வேலைக்கு வரும் இளைஞரிடம் இப்பொழுது கேட்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், ‘கேன்’ என்ற சொல்லால்தான். அக்கேள்வியின் உள்ளே இருப்பது ‘உனக்கு என்ன தெரியும்?’ என்பதே. பாட்டனார் காலத்தில் உடம்பை நோக்கி எழுந்த வினா, பேரன் காலத்தில் அறிவை நோக்கித் திரும்பியிருக்கிறது. ‘கேன்’ என்ற சொல்லோ தன் பழைய அர்த்தத்திற்கே மீண்டு வந்திருக்கிறது.

ஆதலால் இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் நிகழ்கால ஆற்றலைக் குறிக்கும் ஆங்கில வினையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கேன் என்றால் முடியும்’ என்று ஒரே சமன்பாட்டை மனனம் செய்வித்து நிறுத்திவிடுவது போதாது. ‘தெரியும்’, ‘முடியும்’ என்ற இரு தமிழ்ச் சொற்களையும் பலகையில் அருகருகே எழுதி, பறக்கும் பறவைக்கும், படகோட்டும் மீனவருக்கும், கணக்குப் போடும் சிறுமிக்கும், மூட்டை தூக்கும் அண்ணனுக்கும் எந்தச் சொல் பொருந்தும் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லி, அதன்பின் இரண்டிற்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்திருப்பதைக் காட்டி, அதன் பழைய இறந்தகால உருவத்தையும் எடுத்துச் சொன்னால், அது விகுதியின்றி நிற்பதும் காரணத்தோடு மனத்தில் பதியும். தாய்மொழியின் நுட்பமே பிறமொழிக்கு வாயில் என்பதும், அந்நிய பாஷையைத் தெளிவாகக் கற்பதற்குத் தன் பாஷையை மறக்க வேண்டுவதில்லை, அதைக் கூர்ந்து கவனிப்பதே வழி என்பதும் அப்பொழுது அவர்களுக்கு அனுபவமாகும். தெரிந்ததைச் செய்து முடிக்கிறவனே வல்லவன்; அந்த இரண்டையும் பகுத்துணரும் பேறு தமிழ்க் குழந்தைக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக் கற்பிப்பது நம் கடமையாகும்.